அப்பாரு, அப்பா, தம்பி: காசநோய் ரத்தத்தில் வருகிறதா?

கேள்வி: நான் வெள்ளகோயில் பக்கம். வயது 30. எங்கள் அப்பாரு (அப்பாவின் அப்பா) காசநோயால் பெருந்துறை சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடந்து இறந்தவர். அப்போது அப்பாவுக்கு எட்டு வயது. அப்பாவுக்கு 2005-ல் டிபி வந்து, ஆறு மாதம் மருந்து சாப்பிட்டுக் குணமானார். இப்போது சக்கரையும் இருக்கிறது. அப்பாவுக்கு டிபி வந்ததற்கு அடுத்த வருடம் அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி வந்து அவரும் அதே மாத்திரை சாப்பிட்டார். இப்போது தம்பிக்கு வந்திருக்கிறது. 26 வயது, திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை, ஆறு பேரோடு ஒரே ரூமில் இருந்தான். இருமலோடு ஊருக்கு வந்து ஒரு மாதம் வீட்டில் இருந்தான். நோம்பிக்குப் போன நானும் என் நாலு வயது மகனும் அந்த மாதம் அங்கேதான் தங்கியிருந்தோம். அப்புறம்தான் சளியில் கிருமி இருப்பது தெரிந்தது. மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. தம்பிக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார், "அந்தக் குடும்பத்துக்கு ரத்தத்துலயே அந்தச் சீக்கு இருக்குது" என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். நான் கட்டியிருப்பது சொந்த அத்தை மகனை. அப்படியென்றால் என் மகனுக்கு இரண்டு பக்கமும் வருமா? ஜீன் டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மரபணுவைப் பற்றிப் பேசும் முன்பு உங்கள் மகனைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அவசரம் அங்கேதான் இருக்கிறது.

சளியில் கிருமி இருந்த ஒருவரோடு ஒரு மாதம் ஒரே வீட்டில் இருந்த நாலு வயதுக் குழந்தை அவன். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கிருமி உள்ளே போனால் அது நோயாக மாறும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம். மூளையைத் தாக்கும் காசநோயும் இந்த வயதுக்காரர்களைத்தான் அதிகம் பிடிக்கிறது. அதனால் இந்த வாரமே அவனை உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள். "தாய்மாமனுக்கு டிபி, ஒரு மாதம் கூடவே இருந்தான்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இருமல், காய்ச்சல், எடை கூடாமல் நிற்பது ஆகியவற்றை விசாரிப்பார்கள். தேவைப்பட்டால் எக்ஸ்ரே எடுப்பார்கள். நோய் இல்லை என்று தெரிந்தால் தடுப்பு மருந்து கொடுப்பார்கள். அது ஆறு மாதம் தினமும் ஐசோனியசிட் மாத்திரையாக இருக்கலாம், அல்லது வாரம் ஒருமுறை வீதம் 12 வாரம் கொடுக்கும் இரட்டை மருந்தாக இருக்கலாம். எல்லாம் இலவசம். இந்த வயதுக்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பரிசோதனைகூடக் கட்டாயமில்லை.

காசநோய்த் திட்டத்தில் இருந்து உங்கள் அப்பா வீட்டுக்கு ஊழியர் வந்து, வீட்டில் யார் யார் என்று எழுதிக்கொண்டு போயிருப்பார். நீங்களும் மகனும் அதற்குள் மாமியார் வீட்டுக்குத் திரும்பியிருந்தால் உங்கள் இரண்டு பேரின் பெயர் விட்டுப்போயிருக்கும். விருந்தாளியாக வந்து போனவர்களை யாரும் சொல்வதில்லை. ஆகவே நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அப்பா அம்மாவுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். இதில் சந்தேகம் இருந்தால் 1800-11-6666 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

சரி, இப்போது ரத்தத்துக்கு வருவோம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிய ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. உங்கள் அம்மாவின் கழுத்துக் கட்டி. அந்த மாத்திரை கொடுத்தார்கள் என்றால் அது நிணநீர்க் கட்டியில் வந்த காசநோயாகத்தான் இருக்க வேண்டும். அம்மா வேறு கூட்டம் (குலம்), அப்பாரு ரத்தம் அவருக்கு ஒரு துளியும் கிடையாது. ஆனால் அப்பா இருமிக்கொண்டிருந்த மாதங்களில் பக்கத்தில் படுத்திருந்தவர் அவர்தான். இன்னொரு பக்கம் உங்கள் அத்தையைப் பாருங்கள். அப்பாருவின் சொந்த மகள், அப்பாவுக்கு எவ்வளவு ரத்த உறவோ அவருக்கும் அவ்வளவு. அவருக்கு நோய் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் உங்கள் குடும்பத்தில் இந்த நோய் போன வழி, ரத்தம் போன வழியாக எனக்குத் தெரியவில்லை.

வயதுகளையும் கொஞ்சம் கவனியுங்கள். அப்பாரு இருமியபோது அப்பாவுக்கு எட்டு வயது. அப்பா இருமியபோது தம்பிக்கு ஆறு வயது இருக்கும். 1882-ல் ராபர்ட் கோக் கண்டுபிடித்துச் சொன்ன இந்தக் கிருமியின் குணமே, உள்ளே போய் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் படுத்துக்கிடப்பதுதான். உலக மக்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் உடம்பில் அது போயிருக்கிறது. அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக வெளிப்படுகிறது. சிறு வயதில் அப்பாவுக்குள் போன கிருமி, நாற்பது வயதுக்கு மேல் எதிர்ப்புச் சக்தி தளர்ந்த ஒரு காலத்தில் எழுந்திருக்கலாம். தம்பிக்கு அன்றைக்கு வீட்டில் போனதா, இன்றைக்குத் திருப்பூர் ரூமில் போனதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜன்னல் அடைத்த ரூம், ஷிஃப்ட் மாற்றி மாற்றித் தூங்கும் ஆறு பேர், அதில் ஒருவருக்கு இருமல் என்றால் அதுவே போதும். தலைமுறை தலைமுறையாக வருவதாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு முறையும் நடந்தது ஒரே கூரைக்குக் கீழ் மூச்சுக்காற்று வழியாகப் பரவியதுதான்.

அப்படியானால் மரபணுவுக்குப் பங்கே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. பெண் வீட்டார் சொன்னது முழுப் பொய் என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை.

ஒரே கருவில் பிரிந்த, மரபணு அச்சு அசலாக ஒன்றாக உள்ள இரட்டையர்களையும், சாதாரண இரட்டையர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் திரட்டிய அப்படி ஒரு பெரிய ஆய்வை 1978-ல் மறுபடியும் கணக்குப் போட்டார்கள். ஒருவருக்குக் காசநோய் இருந்தால், அச்சு அசல் இரட்டையரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு மற்றவருக்கும் இருந்தது. சாதாரண இரட்டையரில் அது ஏழில் ஒரு பங்குதான். ஆக மரபணு ஏதோ செய்கிறது. ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் படித்தால், மரபணு துளி மாறாமல் இருந்தும், ஒரே வீட்டில் வளர்ந்தும், மூன்றில் இரண்டு பங்கு இரட்டையருக்கு மற்றவரின் நோய் வரவில்லை. இந்த இரண்டாவது பாதியை நோயாளிகளின் குடும்பங்களுக்கு யாரும் சொல்வதில்லை.

மரபணு எங்கே வேலை செய்கிறது என்று தெரிந்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. கிருமி நுரையீரலின் காற்றறைக்குள் போனதும், அங்கே காவல் இருக்கும் செல்கள் அதை விழுங்குகின்றன. மற்றக் கிருமி என்றால் பெரும்பாலும் கதை அங்கேயே முடிந்துவிடும். காசநோய்க் கிருமியோ விழுங்கிய செல்லுக்குள்ளேயே குடியிருக்கக் கற்றது. அப்போது அந்தச் செல் இன்டர்லூக்கின்-12 என்ற ரசாயனத்தைச் சுரந்து உதவிக்கு ஆள் கூப்பிடுகிறது. உதவிக்கு வரும் வெள்ளணுக்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற இன்னொரு ரசாயனத்தைச் சுரந்து, "உள்ளே இருப்பதைக் கொல்" என்று விழுங்கிய செல்லுக்கு உத்தரவு கொடுக்கின்றன. இந்தப் பேச்சுவார்த்தை ஒழுங்காக நடந்தால் கிருமி செத்துப்போகும், இல்லாவிட்டால் சுற்றிலும் சுவர் கட்டி அடைபட்டுக் கிடக்கும்.

இந்த ரசாயனங்களையும் அவற்றைப் பெற்றுக்கொள்ளும் பகுதிகளையும் செய்வது மரபணுக்கள். மிக அரிதாகச் சில குழந்தைகளுக்கு இதில் ஒன்று அடியோடு பழுதாகி இருக்கும். 1996-லும் 1998-லும் இப்படிப்பட்ட குடும்பங்களை விவரித்தார்கள். இந்தப் பழுதுகளில் பெரும்பாலானவை, அப்பாவிடம் இருந்து ஒன்று, அம்மாவிடம் இருந்து ஒன்று என்று இரண்டு பிரதியும் கெட்டிருந்தால்தான் வெளியே தெரியும். சொந்தத்தில் கட்டுவதைப் பற்றி மருத்துவர்கள் பேசுவது இதனால்தான். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் அப்பாரு பொது. ஆகவே உங்கள் மகனிடம் அப்பாருவின் மரபணு, ஒரு கொள்ளுப்பேரனுக்கு இருக்க வேண்டிய எட்டில் ஒரு பங்குக்குப் பதிலாக, பேரனுக்கு இருப்பதைப்போல நாலில் ஒரு பங்கு இருக்கும். ஒரே முன்னோரின் ஒரே பிரதி இரண்டு பக்கமும் வந்து சேரும் வாய்ப்பு, ஒவ்வொரு மரபணுவுக்கும் பதினாறில் ஒன்று.

பயப்படாதீர்கள், இதைச் சோதித்துப் பார்க்க உங்கள் கையிலேயே ஒரு தடயம் இருக்கிறது. பிறந்தவுடன் இடது தோளில் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியை நினைத்துப் பாருங்கள். அது உயிருள்ள, ஆனால் வீரியம் குறைத்த ஒரு கிருமி. அந்த அரிய பழுது உள்ள குழந்தைகளில் பலருக்கு அந்த ஊசியே கெடுதலாகிவிடும். அக்குளில் நெறி கட்டி, பழுத்து, ஆறாமல் உடம்பு முழுக்கப் பரவும். உங்கள் மகனுக்குச் சின்னக் கொப்புளம் வந்து தழும்பாகி ஆறியிருந்தால், அடிக்கடி கடுமையான தொற்று எதுவும் வராமல் நன்றாக வளர்ந்திருந்தால், அந்த அரிய வகை அவனிடம் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அப்படி ஏதாவது நடந்திருந்தால் மட்டும் குழந்தை மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். அப்போதுதான் மரபணுப் பரிசோதனைக்கு அர்த்தம் உண்டு.

மற்ற எல்லோரிடமும் இருப்பது சின்னச் சின்ன வேறுபாடுகள். ஹெச்.எல்.ஏ என்ற வகை மரபணுக்கள் கிருமியின் துண்டுகளை எடுத்து வெள்ளணுக்களுக்குக் காட்டுகின்றன. அவற்றில் டிஆர்-2 என்ற ரகம் நுரையீரல் காசநோயாளிகளிடம் கொஞ்சம் அதிகமாக இருப்பதைச் சென்னையில் 1990-களில் நடந்த ஆய்வுகளிலேயே பார்த்தார்கள். டி.ஒய்.கே-2 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. ஐரோப்பியரில் ஏறக்குறைய 600 பேருக்கு ஒருவரிடம் அது இரண்டு பிரதியாக உண்டு. அவர்களுக்குக் காசநோய் எளிதில் வருவதை 2018-ல் காட்டினார்கள். லண்டனில் வாழும் குஜராத்திகளிடம் வைட்டமின் டி குறைவும், அந்த வைட்டமினை வாங்கிக்கொள்ளும் மரபணுவின் வேறுபாடும் சேர்ந்து என்ன செய்கிறது என்று 2000-ல் எழுதினார்கள். இப்படி ஏராளம். ஆனால் கானா நாட்டில் கண்ட மரபணு ரஷ்யாவில் தென்படுவதில்லை, ரஷ்யாவில் கண்டது ஐஸ்லாந்தில் தென்படுவதில்லை. தறியில் ஓடும் ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்றிரண்டு நிறம் மாறினால் சேலையின் நிறம் மாறிவிடாது என்பது உங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இதுவும் அப்படித்தான்.

அதனால்தான் சொல்கிறேன், அந்த ஜீன் டெஸ்ட் வேண்டாம். "ஆபத்து சற்று அதிகம்" என்று ரிப்போர்ட் வந்தாலும் உங்கள் மகனுக்குக் கொடுக்க வேண்டியது அதே தடுப்பு மருந்து. "ஆபத்து குறைவு" என்று வந்தாலும் அதே தடுப்பு மருந்து. சிகிச்சையை மாற்றாத ஒரு காகிதத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். அதைவிட மோசமாக, "குறைவு" என்று வந்ததை நம்பி மருந்தை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

மரபணு நேரடியாகத் தொடும் இடம் ஒன்று இருக்கிறது, அது தம்பியின் மாத்திரை. ஐசோனியசிட் மருந்தைக் கல்லீரல் எவ்வளவு வேகமாகச் செரிக்கும் என்பதை நாட்-2 என்ற மரபணு தீர்மானிக்கிறது. தென்னிந்தியர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மெதுவாகச் செரிக்கிறவர்கள். அவர்களுக்கு மருந்து ரத்தத்தில் அதிக நேரம் நிற்கும், கல்லீரலைத் தாக்கும் அபாயமும் பாதம் எரியும் தொந்தரவும் கொஞ்சம் கூடுதல். இதற்கும் மரபணுப் பரிசோதனை தேவையில்லை, கண் இருந்தால் போதும். சாப்பாடு இறங்காமல் வாந்தி, கண்ணில் மஞ்சள், வயிற்றின் வலது மேல்பக்கம் வலி இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கூடவே சாப்பிடும் ரிஃபாம்பிசின் என்ற மருந்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது சாதாரணம், அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட வேண்டாம். பாதம் எரிந்தால் வைட்டமின் பி-6 கொடுப்பார்கள். மருந்து முடியும் வரை தம்பி சாராயப் பக்கம் போகவே கூடாது. இந்த ஒன்றில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

உங்கள் குடும்பத்தில் ரத்த வழியாக வரக்கூடியதாக நான் சந்தேகப்படுவது சக்கரை நோயை. சக்கரை இருந்தால் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. சக்கரைக்குப் பரம்பரைச் சாய்வு இருப்பது உறுதியானது. அப்பாவுக்கு இருக்கிறது. அத்தைக்கும் தம்பிக்கும் உங்களுக்கும் வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 2005-ல் அப்பாவுக்கு நோய் வந்தபோதே சக்கரை இருந்திருக்கலாம், அப்போது யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஜீன் டெஸ்ட்டுக்கு ஆகும் காசில் ஒரு சின்னப் பகுதி இதற்குப் போதும், பலனும் கையோடு தெரியும்.

மிச்சக் காசைச் சமையலறைக்குக் கொண்டு போங்கள். ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டார் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2023-ல் வெளியானது. ஒரு பிரிவு வீடுகளில் நோயாளிக்கு மட்டும் உணவுப் பொருள். இன்னொரு பிரிவில் வீட்டில் உள்ள எல்லோருக்கும் மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரை. எல்லோருக்கும் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. யாருடைய மரபணுவும் அங்கே மாறவில்லை. நம்மூர் அரிசியும் பருப்புஞ்சோறு, கொள்ளு, கடலை, முட்டை போதும், ஆடம்பரமாக எதுவும் வேண்டாம். தம்பி வங்கிக் கணக்கைக் கொடுத்துப் பதிவு செய்திருந்தால் சிகிச்சை நடக்கும் மாதங்களுக்கு அரசு மாதம் 1,000 ரூபாய் உணவுக்காகப் போடுகிறது. வந்ததா என்று பார்க்கச் சொல்லுங்கள், பல பேருக்குக் கணக்கு இணைக்காமல் நின்றுபோகிறது.

தம்பிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் என்று ஆரம்பித்திருந்தால் நிறுத்திவிடுங்கள். தட்டில் இது பரவாது. முன்பு சானடோரியத்துக்கு அனுப்பியதே வீட்டாரைக் காப்பாற்றத்தான் என்று நினைத்தார்கள். 1956-ல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கி, நோயாளிகளில் ஒரு பாதியை வீட்டிலும் மறு பாதியைச் சானடோரியத்திலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெரிசலான வீட்டில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் வைத்துப் பார்த்த நோயாளிகளின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை. பரவ வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்பே பரவிவிடுகிறது, தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், தம்பி இன்னும் சில வாரம் வீட்டுக்குள் மாஸ்க் போடட்டும். முதல் பரிசோதனையில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு (அந்த மருந்துக்குக் கிருமி சாகாத நிலை) இல்லை என்று வந்திருக்கிறதா என்பதை மட்டும் அவனுடைய ரிப்போர்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் கணக்கு வேறு, மருந்தும் வேறு, மகனுக்கான தடுப்பு மருந்தும் மாறும்.

கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். மருந்தை முழுசாக முடித்து, சளி சுத்தமான ஒரு பையன் கல்யாணம் செய்துகொள்ள எந்த மருத்துவத் தடையும் கிடையாது. அவனுக்குப் பிறக்கும் குழந்தைக்கு இதைக் கொடுத்துவிடுவான் என்பதும் தவறு. பெண் வீட்டார் பேச முன்வந்தால், மறைக்காமல் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். ஒறம்பரைகள் சொல்வதைக் கேட்டு முடிவெடுப்பதைவிட, பெண்ணின் அப்பாவும் உங்கள் அப்பாவும் தம்பிக்கு மருத்துவம் பார்க்கும் டாக்டரிடம் சேர்ந்து போய்க் கேட்பது நல்லது. இப்படி இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எதிரில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளுக்கு நானே பதில் சொல்லியிருக்கிறேன், பல பேர் மனம் மாறிப் போயிருக்கிறார்கள். மாறவில்லை என்றால் அது அவர்கள் முடிவு. அதற்காகத் தம்பி மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிடுவதோ, "இருமல்தான் நின்றுபோச்சே" என்று பாதியில் திருப்பூருக்கு ஓடுவதோ கூடாது. வேலைக்குத் திரும்பினால் மருந்தைத் திருப்பூரிலேயே வாங்கிக்கொள்ள மாற்றித் தருவார்கள், இங்கே கேட்டால் போதும். இரண்டாவது மாதக் கடைசியில் மறுபடி சளி கொடுக்க வேண்டும். அந்தத் தேதியை இப்போதே காலண்டரில் குறித்து வையுங்கள்.